வீட்டில்தானே இருக்கிறான்!

(26.12.2021, திருக்குடும்ப விழா ஞாயிறன்று வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம். வாசகங்கள்: 1 சாமுவேல் 1:20-22, 24-28, 1 யோவான் 3:1-2, 21-24, லூக்கா 2:41-52)



நேற்றுதான் குடிலில் பாலனை வைத்தோம். இன்றைய நற்செய்தியில் அந்தப் பாலனுக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது. அதுமட்டுமல்ல, அவர் காணாமல் போயிருக்கிறார். திருக்குடும்பத்தின் விழா நாளில் அந்தக் குடும்பத்தின் மிக வேதனையான மூன்று நாள்களைத் திருஅவை நமக்கு வாசித்துக் காட்டுகிறது. இந்த ஆண்டு இந்தப் பகுதி வந்திருப்பது நமக்குப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பாஸ்கா விழா முடிந்து எல்லாரும் ஊர் திரும்புகிறார்கள். சிறுவன் இயேசு எருசலேமிலேயே தங்கிவிடுகிறார். பெற்றோருக்கு அது தெரியாது. பயணக் கூட்டத்தோடு வந்துகொண்டிருப்பான் என்று எண்ணி ஒரு நாள் பயணத் தொலைவு நடந்துவிட்டார்கள் என்கிறார் லூக்கா. ஆண்கள் ஒரு கூட்டமாகவும் பெண்கள் ஒரு கூட்டமாகவும் நடந்திருப்பார்கள், அம்மாவோடு இருப்பான் என்று யோசேப்பும், அப்பாவோடு இருப்பான் என்று மரியாவும் நினைத்திருப்பார்கள் என்று மறைநூல் விளக்குநர்கள் சொல்வதுண்டு. மரியாவும் யோசேப்பும் பிள்ளையைக் கவனிக்காத பெற்றோரா? இல்லவே இல்லை. ஆனாலும் ஒரு முழுப் பகல், 'நம்மோடுதானே வருகிறான்' என்ற நினைப்பிலேயே கழிந்துவிட்டது.

கடந்த இரண்டு ஆண்டுகளாக நம் வீடுகளில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். "எங்க போயிடப் போறான்? வீட்டிலதானே இருக்கான்" என்று நாமும் சொல்லிக்கொண்டோம். ஊரடங்கில் பிள்ளை வெளியே போகவில்லை. கண் முன்னாலேயே இருந்தது. ஆனால் அதன் உள்ளம் எங்கே இருந்தது? திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எழுதிய 'அன்பின் மகிழ்வு' மடலின் ஏழாம் அதிகாரத்தில் பெற்றோரிடம் இதைத்தான் கேட்கிறார். பிள்ளை எந்த இடத்தில், யாரோடு இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது போதாது, அதன் மனம் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும் என்கிறார். அந்த மடலை மையமாக வைத்து, கடந்த மார்ச் 19 முதல் அடுத்த ஆண்டு ஜூன் 26 வரை குடும்ப ஆண்டாகவும் கொண்டாடி வருகிறோம். ஆகவே இன்று உங்களோடு நான் பேச விரும்புவது இது ஒன்றுதான்: வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளையைத் தேடிக் கண்டடைவது எப்படி?

பிள்ளைகள் இழந்தவை

2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் மறுபடி வகுப்பறைக்குப் போனது இந்த ஆண்டு நவம்பர் 1 அன்று. பத்தொன்பது மாதங்களுக்கு மேல். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய குழந்தை, முதல்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. பள்ளி என்றால் புத்தகம் மட்டுமல்லவே! மணி அடிக்கும் சத்தம், பக்கத்தில் உட்காரும் தோழி, வரிசையில் நின்று வாங்கும் சத்துணவு முட்டை, சண்டை, சமாதானம் எல்லாம் சேர்ந்ததுதான் பள்ளி. அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோனது.

வீட்டிலோ பெரியவர்களின் கவலை. நம் நாமக்கல் பகுதியில் கொரோனா வருவதற்கு முன்பே கொரோனாவின் அடி விழுந்துவிட்டது. கோழியால் நோய் பரவும் என்ற வதந்தியால் 2020 தொடக்கத்தில் முட்டை விலை படுத்துவிட்டது. பிறகு லாரிகள் நின்றன. வடமாநிலங்களில் சிக்கிக்கொண்ட ஓட்டுநர்கள் சாப்பாட்டுக்கே தவித்தார்கள். வட்டிக்காரர் வந்து நின்றதும், அப்பாவும் அம்மாவும் இரவில் குரலைத் தாழ்த்திப் பேசியதும் பிள்ளைகள் காதில் விழாமல் இருந்திருக்குமா? "அதுக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ளை" என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். பிள்ளைக்கு எல்லாம் கேட்கும். அர்த்தம் மட்டும் தானாகவே கற்பித்துக்கொள்ளும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

ஏலி செய்த தவறும் நான் செய்த தவறும்

இன்றைய முதல் வாசகத்தில் அன்னா தன் மகன் சாமுவேலை ஆண்டவருக்கு அர்ப்பணிக்கிறார். அதற்கு முந்தைய பகுதியை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். பிள்ளை இல்லாத துயரத்தில் அன்னா சீலோ ஆலயத்தில் அழுது மன்றாடுகிறார். உதடுகள் அசைகின்றன, சத்தம் வரவில்லை. குரு ஏலி பார்க்கிறார். குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று முடிவு செய்து அதட்டுகிறார். துயரத்தைக் கண்டார், ஒழுங்கீனம் என்று படித்துக்கொண்டார். அதுவும் இறைவனின் இல்லத்தில், ஒரு குரு!

இந்த ஆண்டு நானும் அதையே செய்தேன். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு சொல்கிறேன். பெயரும் தெருவும் வேண்டாம்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பீடச்சிறுவன். மே மாதம், இரண்டாம் அலையில் அவனுடைய ஆயா இறந்துபோனார். மருத்துவமனையிலிருந்து நேராகக் கல்லறைத் தோட்டம். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, யாரும் முகம் பார்க்கவில்லை. நான்கைந்து பேர் தள்ளி நிற்க நானும் தள்ளி நின்று செபித்து அடக்கம் செய்தேன். ஜூலையில் ஆலயங்கள் திறந்தபோது பையன் பீடப்பணிக்கு வந்தான். முன்பிருந்த பையன் இல்லை. திருப்பலி நேரத்தில் பக்கத்துப் பையனைத் தள்ளினான். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒருநாள் தூபக் கலசத்தைப் போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்காமல் முறைத்துக்கொண்டு நின்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒழுங்கு வரும்வரைக்கும் பீடத்துக்கு வராதே" என்று அனுப்பிவிட்டேன். சரியாகச் செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவன் அம்மா வந்தார். "சாமி, ராத்திரி தூங்க மாட்டேங்கறான். கையைக் கழுவிக்கிட்டே இருக்கான். தோலெல்லாம் உரிஞ்சு போச்சு" என்றார். அன்று மாலை அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அவன் பேசவில்லை. மறுநாளும் போனேன். பேசவில்லை. மூன்றாம் நாள், நானும் ஒன்றும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவனாகவே கேட்டான்: "சாமி, தெரியாம ஒருத்தரைக் கொன்னுட்டா அது சாவான பாவமா?"

ஏப்ரல் மாதம் வீட்டுக்குத் தெரியாமல் ஏரிக்குப் போய் நண்பர்களோடு கிரிக்கெட் விளையாடியிருக்கிறான். "வெளியே போகாதே, ஆயாவுக்குக் கொண்டுவந்து ஒட்டிடுவே" என்று வீட்டில் நூறு முறை சொல்லியிருந்தார்கள். பத்து நாளில் ஆயாவுக்குக் காய்ச்சல் வந்தது. பையன் கணக்குப் போட்டுவிட்டான். பெரியவர்கள் பாதுகாப்புக்காகச் சொன்ன எச்சரிக்கை அவனுக்குத் தீர்ப்பாக மாறிவிட்டது. மூன்று மாதம் அந்தச் சுமையைத் தனியாகச் சுமந்திருக்கிறான். அந்தக் கையைத்தான் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறான். நானோ அவனுக்கு ஒழுங்கு கற்பித்துக்கொண்டிருந்தேன்.

அவனிடம் சொன்னேன்: "கண்ணு, பாவம் என்றால் தெரிந்தும் விரும்பியும் செய்வது. ஆயாவுக்குக் கெடுதல் வரணும் என்று நீ நினைத்தாயா? இல்லை. அந்த நாள்களில் உங்கள் வீட்டுக்குப் பால்காரர் வந்தார். மாமா வெளியூரிலிருந்து வந்தார். ஆயாவுக்கு நற்கருணை கொடுக்க நானும் வந்தேன். யார் மூலம் நோய் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நான் கொண்டுவந்ததாகக்கூட இருக்கலாம். ஆயா இறந்தது நோயினால். உன்னால் அல்ல." அப்போதுதான் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பீடத்திலிருந்து அனுப்பியதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதோடு முடிந்துவிடவில்லை. அடுத்த வாரம் அதே கேள்வியைக் கேட்டான். அடுத்த மாதமும் கேட்டான். ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒருமுறை சொன்னால் போதாது. பதில் மாறாமல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பார்கள்.

துயரம் வேறு முகத்தோடு வரும்

பெரியவர்கள் நாம், "மனசு சரியில்லை" என்று சொல்லத் தெரிந்தவர்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சொற்கள் இன்னும் வரவில்லை. ஆகவே அவர்களின் துயரம் வேறு வழியில் வெளியே வருகிறது.

சிறு குழந்தைகளிடம், விட்டுப்போன பழக்கங்கள் திரும்பி வரும். படுக்கையை நனைப்பார்கள், விரல் சூப்புவார்கள், அம்மாவின் முந்தானையை விட மாட்டார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு வயிற்றுவலி, தலைவலி வரும். மருத்துவர் பார்த்தால் உடலில் ஒன்றும் இருக்காது. அது நடிப்பு அல்ல. வலி உண்மைதான், காரணம்தான் வேறிடத்தில் இருக்கிறது. சிலர் தம்பி தங்கையை அடிப்பார்கள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள். வளர்ந்த பிள்ளைகளோ அறைக்குள் அடைந்துகொள்வார்கள். பகலெல்லாம் தூங்குவார்கள், பிடித்த சாப்பாடும் பிடிக்காது. இரவெல்லாம் கைபேசியில் இருப்பார்கள்.

கைபேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "போனே இவனைக் கெடுத்துவிட்டது" என்று எல்லாப் பெற்றோரும் சொல்கிறார்கள். பாடம் படிக்க நாம்தான் வாங்கிக் கொடுத்தோம். நண்பர்களைப் பார்க்க வேறு வழியும் அந்த நாள்களில் இல்லை. நேரக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும், இரவில் அது பெற்றோர் அறையில் இருக்கட்டும். ஆனால் போனைப் பிடுங்கினால் மட்டும் பிள்ளை கிடைத்துவிடாது. அது எதிலிருந்து தப்பித்துப் போனுக்குள் ஒளிந்தது என்று பார்க்க வேண்டும்.

இந்த அறிகுறிகளில் ஒன்று இரண்டு நாள்கள் இருந்தால் பதற வேண்டாம். வாரக்கணக்கில் நீடித்தால், அதட்டுவதற்கு முன் ஏலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏலியிடம் ஒரு நல்ல குணமும் இருந்தது. அன்னா விளக்கியபோது காதுகொடுத்துக் கேட்டார், தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார், ஆசி கூறினார். அதன்பின் அன்னாவின் முகத்தில் வாட்டம் இல்லை என்று வாசிக்கிறோம். அன்னாவின் பிரச்சினை அன்று தீர்ந்துவிட்டதா? இல்லை. சாமுவேல் பிறந்தது பிறகுதான். ஆனால் ஒருவர் கேட்டார். அந்த நேரத்தில் அதுவே முகத்தை மாற்றியது.

மரியா செய்த மூன்று

இப்போது எருசலேம் ஆலயத்துக்குத் திரும்புவோம். மூன்றாம் நாள் மகனைக் கண்டதும் மரியா என்ன செய்கிறார்?

முதலாவது, கேட்கிறார். ஏன் இப்படிச் செய்தாய் என்று மகனிடமே கேட்கிறார். நாம் பெரும்பாலும் கேள்வி கேட்பதுபோல் தீர்ப்பு எழுதுவோம். "உனக்கெல்லாம் அறிவிருக்கா?" என்பது கேள்வி அல்ல. உண்மையான கேள்விக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். முகத்துக்கு நேர் உட்கார்ந்து விசாரித்தால் பிள்ளை வாய் திறக்காது. வெங்காயம் உரிக்கும்போதோ, வண்டியைத் துடைக்கும்போதோ, ஆட்டை ஓட்டிக்கொண்டு நடக்கும்போதோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

இரண்டாவது, தன் வேதனையைச் சொல்கிறார். நானும் உன் தந்தையும் மிகுந்த கவலையோடு தேடினோம் என்கிறார். உன்னால் மானம் போயிற்று என்று சொல்லவில்லை. பெற்றோர் தங்கள் பயத்தை அளவாகச் சொன்னால் பிள்ளைக்கும் தன் பயத்தைச் சொல்லத் துணிவு வரும். "அப்பாவுக்கும் வேலை போயிடுமோன்னு பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நாம சமாளிச்சுக்கலாம்" என்று சொல்லலாம். ஆனால் கடன் தொகையையெல்லாம் பிள்ளையின் தலையில் இறக்கி வைக்கக் கூடாது.

மூன்றாவது, உள்ளத்தில் பதித்து வைக்கிறார். இதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. இயேசு சொன்ன பதில் அவர்களுக்குப் புரியவில்லை என்று லூக்கா வெளிப்படையாகவே எழுதுகிறார். அன்னை மரியாவுக்கே புரியாத பிள்ளை! ஆனாலும் அவர் அதைத் தள்ளிவிடவில்லை. உறவினரிடம் சொல்லிச் சிரிக்கவுமில்லை. பிள்ளை நம்பிச் சொன்னதை அடுத்த வீட்டுப் பெரியம்மாவிடம் அதன் முன்னாலேயே சொல்லிவிடுகிறோமே, அன்றோடு அந்தப் பிள்ளையின் வாய் மூடிக்கொள்ளும். உங்களுக்கு எல்லாம் புரிய வேண்டும் என்பதில்லை. எல்லாவற்றுக்கும் தீர்வு சொல்ல வேண்டும் என்பதுமில்லை. பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும்.

சாவைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டாம்

இந்த ஆண்டு எத்தனையோ வீடுகளில் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படமும் மாலையும் இருக்கின்றன. பெருந்தொற்றின் முதல் பதினான்கு மாதங்களிலேயே உலகம் முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தாயையோ தந்தையையோ வளர்த்த தாத்தா பாட்டியையோ இழந்ததாகக் கடந்த ஜூலையில் 'லான்செட்' மருத்துவ இதழ் கணக்கிட்டுச் சொன்னது. தாய் தந்தை இருவரையும் கொரோனாவில் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையை நம் மாநில அரசு கடந்த மே மாதம் அறிவித்தது. நல்ல உதவி. அதோடு அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையும் வேண்டும்.

"தாத்தா தூங்குகிறார்" என்று சொன்னால் குழந்தை தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்கிறார்" என்றால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "இறந்துவிட்டார், இனி அவர் உடம்பு அசையாது, வலிக்காது, திரும்ப வரமாட்டார். நாம் அவரை நினைத்து அழலாம்" என்று எளிய சொற்களில் சொல்லுங்கள். அழும் பிள்ளையை, "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று அடக்காதீர்கள். இலாசரின் கல்லறை முன் நம் ஆண்டவரே அழுதார்.

இன்னொன்றைக் குருவாக நான் சொல்லியே ஆக வேண்டும். ஆறுதலாக நினைத்து, "சாமிக்கு ரொம்பப் பிடிச்சதால கூட்டிட்டுப் போயிட்டாரு" என்கிறோம். குழந்தை என்ன நினைக்கும்? அடுத்து அம்மாவையும் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று ஆலயத்தையே பயத்தோடு பார்க்கும். "நீ செபம் சொல்லலை, அதான்" என்பது இன்னும் கொடுமை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவரும் செய்யவில்லை, இவர் பெற்றோரும் செய்யவில்லை என்று இயேசு மறுத்தார். கடவுள் நம் வீட்டிலிருந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அல்லர். இறந்தவரைத் தம் கைகளில் ஏற்றுக்கொள்கிறவர், அழுகிறவரின் பக்கத்தில் உட்காருகிறவர் அவர். பிள்ளைக்கு அந்தக் கடவுளைக் காட்டுங்கள்.

அடக்கத்தில் பங்கெடுக்க முடியாத பிள்ளைகளை இந்த விடுமுறையில் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போங்கள். ஒரு மெழுகுதிரி ஏற்றட்டும். சொல்ல நினைத்ததைச் சொல்லட்டும். என்னையும் கூப்பிட்டால் வருகிறேன்.

மலையிலிருந்து போன கடிதங்கள்

எங்கள் சேந்தமங்கலத்தில் நின்று பார்த்தால் கொல்லிமலை சுவர்போல் தெரியும். காரவள்ளியிலிருந்து இப்போது எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறிவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்தோ டோலியிலோதான் போக முடியும். அந்தக் காலத்தில் அங்கே மலைமக்களோடு வாழ்ந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற தம்பதியர். நம் பிரிந்த சகோதரர்களின் சபையைச் சேர்ந்த மறைப்பணியாளர்கள். அவர்களுக்கு 1914-இல் பிறந்த மகன்தான், பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்ட்.

1923-இல், பாலுக்கு ஒன்பது வயது. பிள்ளைகள் படிப்பதற்காக அவனையும் தங்கையையும் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அதன்பின் அப்பாவும் மகனும் பேசிக்கொண்டது கடிதத்தில்தான். மலையில் பார்த்த மரம், பறவை, பூச்சி என்று ஜெஸ்ஸி எழுதுவார். தான் கண்டதை மகனும் காண வேண்டும் என்று எழுதுவார். 1929 ஜூனில், மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. ஆனால் கடிதங்கள் கப்பலில் அல்லவா போகும்! அப்பா இறந்த செய்தி வந்த பிறகும் அப்பாவின் கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டிருந்தன.

நம் ஊர்களில் எத்தனை அப்பாக்கள் லாரியில் குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் இருக்கிறார்கள்! வாரத்தில் ஒருநாள் பேசும்போது, "படிச்சியா? அம்மா பேச்சைக் கேட்டியா?" என்பதோடு முடித்துவிடாதீர்கள். இன்று சாலையில் என்ன பார்த்தீர்கள், எந்த ஊரில் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். நீ என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். நாம் இல்லாத நாளிலும் பிள்ளைகளிடம் தங்கப்போவது அந்தப் பேச்சுதான்.

மாலையில் பத்து நிமிடம்

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், 1521 மே 20 அன்று பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலொடிந்த ஒரு வீரர் மாதக்கணக்கில் வீட்டில் முடங்கிக் கிடந்தார். அவர்தான் புனித இஞ்ஞாசியார். அந்த ஐந்நூறாம் ஆண்டு நினைவை இப்போது கொண்டாடிவருகிறோம். படுக்கையில் கிடந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். சில நினைவுகள் வந்து போன பின் மனம் வறண்டு கிடக்கிறது, சில நினைவுகளுக்குப் பின் மகிழ்ச்சி தங்குகிறது. தன் மனத்தையே கவனிக்கும் அந்தப் பழக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் அவர் நமக்குத் தந்த அன்றாட ஆன்மச் சோதனை.

அதை உங்கள் குடும்ப செபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். செபமாலை முடிந்ததும் பத்து நிமிடம் போதும். ஒவ்வொருவரும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். இன்று எது சந்தோஷமாக இருந்தது? இன்று எது கஷ்டமாக இருந்தது? பெரியவர்கள் முதலில் சொல்லுங்கள். ஒருவர் சொல்லும்போது மற்றவர் புத்திமதி சொல்லக் கூடாது, கேலி செய்யக் கூடாது. "ஒண்ணுமில்லை" என்று பிள்ளை சொன்னால் விட்டுவிடுங்கள், நாளைக்கும் கேளுங்கள். கடைசியில் அப்பாவோ அம்மாவோ பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு ஆசி கொடுங்கள்.

தூங்கும் நேரம், எழும் நேரம், சாப்பிடும் நேரம் ஒழுங்காக இருக்கட்டும். நாளை என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும். மாலையில் மற்றப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். அரசு அக்டோபர் இறுதியில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்பு உங்கள் தெருவுக்கு வந்தால் அனுப்புங்கள். படிப்போடு கூட்டாளிகளும் கிடைப்பார்கள்.

உதவி கேட்பது விசுவாசக் குறைவு அல்ல

கடந்த அக்டோபரில் யுனிசெஃப் நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. மனத்துன்பம் இருந்தால் பிறரிடம் உதவி பெறுவது நல்லது என்று 21 நாடுகளில் 15 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் சராசரியாக நூற்றுக்கு 83 பேர் சொன்னார்கள். நம் நாட்டில் அப்படிச் சொன்னவர்கள் 41 பேர்தான். மீதிப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். 'பைத்தியம்' என்று பெயர் வந்துவிடும் என்ற பயம் ஒரு காரணம். விசுவாசம் உள்ளவனுக்கு மனச்சோர்வு வராது என்று நாம் சொல்லிக்கொடுத்ததும் ஒரு காரணமோ என்று எனக்கு அச்சம் உண்டு. கெத்சமனியில் நம் ஆண்டவர் சாகும் அளவுக்குத் துயருற்றார். அதை நண்பர்களிடம் வாய்விட்டுச் சொன்னார், கூடவே இருங்கள் என்று கேட்டார். அவரைவிட விசுவாசம் மிக்கவரா நாம்?

ஆகவே பிள்ளை பல வாரமாகச் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்பதுபோல் விளையாட்டாகப் பேசினால்கூட, காத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 104 என்ற அரசின் மருத்துவ உதவி எண்ணில் பேசலாம். பிள்ளைகள் தாங்களே கூப்பிட 1098 என்ற எண் இரவும் பகலும் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். செபத்துக்கு ஆலயம் வாருங்கள், மருந்துக்கு மருத்துவரிடம் போங்கள். இரண்டும் ஆண்டவரின் கைதான்.

அன்புக்குரியவர்களே, ஒமைக்ரான் என்ற புது உருமாற்றம் இந்த மாதம் தமிழகத்துக்கும் வந்துவிட்டது. இன்னும் என்ன கட்டுப்பாடுகள் வருமோ, பள்ளி மறுபடி மூடுவார்களோ தெரியாது. முகக்கவசம் போடுவோம், தடுப்பூசி போட்டுக்கொள்வோம். ஆனால் இந்த முறை பிள்ளைகளை நம் பயணக் கூட்டத்தில் எங்கோ வருகிறார்கள் என்று நினைத்து நடந்துவிட வேண்டாம். இன்று மாலையே திரும்பிப் பாருங்கள். மரியாவும் யோசேப்பும் தாங்கள் தவறவிட்டதை உணர்ந்ததும் ஒரு நாள் வழியைத் திரும்பி நடந்தார்கள். கண்டுபிடித்தார்கள். அந்தப் பிள்ளை அவர்களோடு நாசரேத்துக்குப் போய் ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் வளர்ந்தார். திரும்பி நடக்க யாருக்கும் காலம் கடந்துவிடவில்லை.

அந்தப் பையன் நேற்று இரவு கிறிஸ்மஸ் திருப்பலியில் தூபக் கலசம் பிடித்தான். கை நடுங்கவில்லை.

செபிப்போம்: ஆண்டவரே, எங்கள் வீட்டுக்குள்ளேயே தொலைந்து நிற்கும் பிள்ளைகளைக் காணும் கண்களைத் தாரும். அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையைத் தாரும். நாங்கள் அவசரத்தில் சொன்ன கடுஞ்சொற்களை அவர்கள் உள்ளத்திலிருந்து துடைத்தருளும். இந்த ஆண்டு நாங்கள் இழந்த அனைவருக்கும் நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும். எங்கள் குடும்பங்களை நாசரேத்துக் குடும்பத்தோடு சேர்த்துக் காத்தருளும். ஆமென்.